சிப்பிக் குஞ்சுகள் ஒரே இரவில் சாவது ஏன்?

உலகெங்கும் வளர்க்கப்படும் பசிபிக் ஆளி என்ற சிப்பி வகையில், நன்கு பருத்த ஒரு பெண் ஒரே தடவையில் 5 கோடி முட்டைக்கு மேல் இடும். கடலில் அவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் பெரிய சிப்பியாகும். மீன் தின்பதும் நீரோட்டம் அடித்துப் போவதும் எளிதில் விளங்கும் காரணங்கள். ஹேச்சரி எனப்படும் குஞ்சு பொரிப்பகத்தில் மீனும் இல்லை, நீரோட்டமும் இல்லை. தீனி நேரத்துக்குக் கிடைக்கிறது. அங்கேயும் மாலையில் நன்றாக நீந்திய 50 லட்சம் குஞ்சுகள் காலையில் தொட்டியின் அடியில் வெளிர்ப் படலமாகப் படிந்து கிடப்பது உண்டு. பெரும்பாலும் அதைச் செய்வது கடல்நீரில் எப்போதும் இருக்கிற விப்ரியோ என்ற பாக்டீரியாதான். எப்போதும் இருக்கிற ஒன்று ஏன் ஒரு நாள் மட்டும் கொல்கிறது என்ற கேள்விதான் இதில் முக்கியமானது. அதைப் புரிந்துகொண்டவர் மருந்து தேடி ஓடமாட்டார். தொட்டியில் அன்று என்ன மாறியது என்று பார்ப்பார்.

முதலில் குஞ்சின் உடலைப் பார்த்துவிடலாம்.

முட்டை கருவுற்று ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சுக்கு இரண்டு ஓடும் வந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம். அதனால் டி-லார்வா என்பார்கள். நீளம் சுமார் 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் இப்படிப் 14 குஞ்சுகளை வரிசையாக வைக்கலாம். ஓட்டுக்கு வெளியே ஒரு மெல்லிய மடல் நீண்டிருக்கும். விளிம்பு முழுக்க நுண்மயிர்கள் அடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு வீலம் என்று பெயர். நீந்துவது, பாசியை வாய்க்குத் தள்ளுவது, ஆக்ஸிஜன் எடுப்பது ஆகிய மூன்றுக்கும் குஞ்சுக்கு இந்த ஒரே உறுப்புதான். செவுள் பிற்பாடுதான் வளரும். ஆகவே வீலத்தில் ஒரு புண் வந்தாலே நீச்சலும் தீனியும் மூச்சும் ஒன்றாகக் கெடுகின்றன.

இன்னொரு பலவீனம் ஓடு. முதல் இரண்டு நாளில் குஞ்சு முட்டைக்குள்ளிருந்த கொழுப்பை எரித்துத்தான் ஓடு கட்டுகிறது. அந்த ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை. பெரிய ஆளியின் ஓட்டில் மிகுதியாக உள்ள கால்சைட்டைவிட எளிதில் கரையும். அதனால் கையிருப்பில் உள்ள சக்தியில் பெரும்பங்கு ஓட்டுக்கே போய்விடுகிறது. கிருமியை எதிர்க்கும் இரத்தச் செல்களும் இந்த வயதில் மிகக் குறைவு. இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு 300 மைக்ரானைத் தொட்டு, கண்புள்ளியும் காலும் வந்து, ஓட்டுத் துண்டிலோ கல்லிலோ ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய குஞ்சை ஸ்பாட் என்பார்கள். ஒட்டுவதற்கு முந்தைய இந்த இரண்டு மூன்று வாரம்தான் பாக்டீரியாவுக்கு வாய்ப்பான காலம்.

விப்ரியோ என்ன செய்கிறது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற ஊரில் உள்ள ஆய்வகம்தான் சிப்பிக் குஞ்சு வளர்க்கும் முறைகளில் பலவற்றுக்குத் தாய்வீடு. குஞ்சுகளை அழுகவைத்துக் கொல்லும் பாக்டீரியா நோயை விவரித்த 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையும் அங்கிருந்துதான் வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான டூபியாஷின் பெயரால் 1984-இல் ஒரு பாக்டீரியாவுக்கு விப்ரியோ டூபியாஷீ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் சேமித்து வைத்திருந்த கொடிய வகைகளில் பல, மரபணுவைப் படித்தபோது விப்ரியோ கோரல்லிலிட்டிகஸ் என்று தெரிந்தது. பவளத்தைக் கொல்வதாக முன்பே அறியப்பட்ட பாக்டீரியா அது. பழைய கட்டுரைகளில் ஒரு பெயரும் புதியவற்றில் இன்னொரு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம். பல இடங்களில் இரண்டும் ஒரே எதிரியைத்தான் குறிக்கின்றன.

விப்ரியோ வளைந்த குச்சி வடிவம், ஒரு முனையில் வால், நீளம் ஒன்றிரண்டு மைக்ரான். குஞ்சின் ஓட்டு விளிம்பிலும் வீலத்திலும் வந்து ஒட்டும். தீனியோடு வாய் வழியாகவும் உள்ளே போகும். எண்ணிக்கை கூடியதும் இரண்டு வகைப் பொருளை வெளியே விடுகிறது. ஒன்று புரதத்தை அறுக்கும் மெட்டலோபுரோட்டியேஸ் என்சைம். மற்றொன்று செல்லின் சவ்வைக் கிழிக்கும் ஹீமோலைசின். என்சைம் வீலத்தின் செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்களை அறுக்க, செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. மயிர் அடிப்பது நின்று குஞ்சு வட்டமடித்து அடியில் இறங்குகிறது. இறங்கிய குஞ்சின் திசு கரைந்து நீரில் கலக்க, அது மற்ற விப்ரியோக்களுக்குத் தீனியாகிறது. முதலில் செத்த ஆயிரம் குஞ்சுகள் அடுத்த லட்சத்தைக் கொல்லும் பாக்டீரியாவை வளர்த்துவிடுகின்றன. ஒரே இரவில் தொட்டி காலியாவது இப்படித்தான்.

எண்ணிக்கைதான் எல்லாம்

ஆய்வகத்தில் கொடிய வகை விப்ரியோவை ஒரு மில்லிக்கு லட்சம் என்ற அளவில் சேர்த்தால் ஓரிரு நாளில் பெரும்பாலான குஞ்சுகள் சாகும். ஒரு மில்லிக்குப் பத்து இருந்தால் ஒன்றும் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை 5 மணிக்கு மில்லிக்கு 10 இருக்கிறது, மணிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளமான ஊடகத்தில் விப்ரியோ அரை மணிக்குள்ளேயே இரட்டிக்கும். தொட்டிக்கு ஒரு மணி என்பது மிதமான ஊகம். 14 மணி நேரம் கழித்துக் காலை 7 மணிக்கு அது 1,63,840 ஆகியிருக்கும். நீர் சூடாகச் சூடாக இரட்டிக்கும் நேரம் சுருங்கும். பசிபிக் ஆளிக் குஞ்சுகளை 25 டிகிரிக்கு மேல் சூடேற்றித்தான் வளர்க்கிறார்கள். மன்னார் வளைகுடாவிலோ சூடேற்றவே தேவையில்லை, நீர் ஏறக்குறைய ஆண்டு முழுக்க அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1981-இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை ஹேச்சரியில் வளர்த்துக் காட்டியது. அந்த வெப்பம் குஞ்சு வேகமாக வளர உதவும். அதே வெப்பத்தில் பாக்டீரியாவும் வேகமாகப் பெருகும்.

பாக்டீரியா உள்ளே வர நான்கு வழிகள் உண்டு: கடல்நீர்க் குழாய், தாய்ச்சிப்பி, காற்றுக் குழாய், தீனிப் பாசி. புதிதாகத் தொடங்குபவர்கள் கடல்நீரை மட்டும் சந்தேகப்படுகிறார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது பாசியைத்தான். 1000 லிட்டர் தொட்டியில் மில்லிக்கு 50,000 பாசிச் செல் வேண்டும் என்று வையுங்கள். ஐசோகிரைசிஸ் என்ற தீனிப் பாசியின் வளர்ப்பில் மில்லிக்கு 50 லட்சம் செல் இருந்தால் 10 லிட்டர் ஊற்ற வேண்டும். அந்தப் பாசி வளர்ப்பு பழசாகி அதில் மில்லிக்கு 10 லட்சம் விப்ரியோ வளர்ந்திருந்தால், ஊற்றிய நிமிடத்திலேயே தொட்டியில் மில்லிக்கு 10,000 ஆகிவிடும். இரட்டிக்க வேண்டிய பத்து மணி நேரத்தை நாமே மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே பாசி வேகமாக வளர்கிற கட்டத்திலேயே எடுத்துத் தீனியிடுங்கள். நிறம் மங்கி அடியில் படிய ஆரம்பித்த பாசியை, எவ்வளவு செலவு செய்து வளர்த்திருந்தாலும், கொட்டிவிடுங்கள்.

குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் முட்டுச்சந்துகள் அடுத்த இடம். மூடிய வால்வுக்குப் பின்னால் இரண்டு நாள் நின்ற நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து, குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் வளர்ந்திருக்கும். வால்வைத் திறந்ததும் முதலில் வருவது அந்த நீர்தான். காலையில் முதல் சில நிமிட நீரைத் தொட்டியில் விடாமல் வெளியே ஓடவிடுவதற்குக் காசு செலவில்லை. தாய்ச்சிப்பியை முட்டையிட வைக்கும் முன் ஓட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகளைச் சல்லடையில் பிடித்து, சுத்தமான நீரில் பலமுறை அலசி, மிஞ்சிய விந்தணுவையும் கழிவையும் நீக்கிவிடுங்கள். விந்தணு மிகுந்த நீர் சில மணி நேரத்தில் பாக்டீரியாவுக்கு விருந்தாகும்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது

நுண்ணோக்கியில் 40 மடங்கும் 100 மடங்கும் போதும். தொட்டியின் மேல்நீரில் ஒரு துளி, அடியிலிருந்து ஒரு துளி, இரண்டையும் பாருங்கள். மேலே எடுப்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நோயுற்றவை அடியில்தான் இருக்கும். நல்ல குஞ்சு வீலத்தை முழுக்க விரித்து நேராகவோ சுருளாகவோ நீந்தும், குடல் பொன்பழுப்பாக நிறைந்திருக்கும். கெட்டதன் குடல் வெளுத்திருக்கும். வீலம் பாதி வெளியே நீண்டு உள்ளிழுக்க முடியாமல் தொங்கும். சில வேளை வீலத்திலிருந்து கழன்ற செல்கள் மயிர் அடித்தபடியே தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தனிச் செல்களைப் பார்த்தால் அன்றே முடிவெடுக்க வேண்டும். செத்த ஓட்டுக்குள் புள்ளிகள் மொய்ப்பது தெரிந்தால் அது கடைசிக் கட்டம்.

விப்ரியோவை வளர்த்து எண்ண இறால் ஹேச்சரிக்காரர்களுக்கு நன்கு பழக்கமான டிசிபிஎஸ் என்ற ஊடகத் தட்டு இங்கேயும் பயன்படும். தொட்டி நீர் 0.1 மில்லியைத் தட்டில் பரப்பி, 28 டிகிரியில் ஒரு நாள் வைத்து, புள்ளிகளை எண்ணுங்கள். 30 புள்ளி வந்தால் மில்லிக்கு 300. எண்ண முடியாத அளவுக்கு வந்தால் அடுத்த முறை பத்து மடங்கு நீர்த்துப் பரப்புங்கள். கோரல்லிலிட்டிகஸும் டூபியாஷீயும் மஞ்சளாக வரும். ஆனால் தீங்கில்லாத பல விப்ரியோக்களும் மஞ்சள்தான். பச்சையைப் பார்த்துப் பயந்து மஞ்சளை விட்டுவிடும் இறால் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். நான் பார்ப்பது நிறத்தைவிட நாளுக்கு நாள் ஏறும் எண்ணிக்கையை. மில்லிக்கு ஆயிரத்தைத் தாண்டினால் தீனியைக் குறைத்து நீரை மாற்றுவது நல்லது. கடல்நீர் வரும் இடம், வடிகட்டிக்குப் பின், பாசி, தொட்டி என்று நான்கு இடத்திலும் ஒரே நாளில் தட்டு போட்டால், எண்ணிக்கை எங்கே குதிக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கேதான் வேலை செய்ய வேண்டும்.

ஒரு தொட்டி விழுந்துவிட்டால் காப்பாற்ற முயல வேண்டாம். குளோரின் ஊற்றிக் கொன்றபிறகே நீரை வெளியே விடுங்கள். உயிருள்ள கிருமியோடு விட்டால் நம் உறிஞ்சுகுழாய் வழியே திரும்பி வரும். 10 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் 1000 லிட்டருக்கு 200 மில்லி சேர்த்தால் 20 பிபிஎம் வரும். ஓர் இரவு வைத்து, மறுநாள் தயோசல்ஃபேட் போட்டு, சோதனைக் கிட்டில் குளோரின் இல்லை என்று காட்டிய பிறகு வடித்துவிடலாம். அந்தத் தொட்டியின் சல்லடை, வாளி, காற்றுக்கல் எதையும் அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது.

நீரைச் சுத்தமாக்குவதில் உள்ள பொறி

ஒரு மைக்ரான் வடிகட்டி போட்டுவிட்டோம் என்று பலர் நிம்மதியடைகிறார்கள். விப்ரியோவின் அகலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதில் பல வடிகட்டியில் நுழைந்து போய்விடும். வடிகட்டியின் உண்மையான வேலை, பின்னால் வரும் யூவி விளக்குக்குக் கலங்கல் இல்லாத நீரைத் தருவது. அழுக்கின் நிழலில் ஒளிந்த பாக்டீரியாவை யூவி தொடாது. விளக்கு ஓராண்டு இடைவிடாமல் எரிந்திருந்தால் நீல வெளிச்சம் அப்படியே தெரியும், ஆனால் கொல்லும் கதிர் வெகுவாகக் குறைந்திருக்கும். சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்புப் படிந்தாலும் அதே கதை.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. எல்லாப் பாக்டீரியாவையும் கொன்ற நீர், உழுதுபோட்ட வெற்று நிலம் மாதிரி: முதலில் முளைப்பது களைதான். சாதாரணக் கடல்நீரில் மெதுவாக வளரும் பாக்டீரியாக்கள் இடத்தையும் உணவையும் பிடித்து வைத்திருக்கும். அவற்றை அழித்துவிட்டு, அதில் பாசியையும் குஞ்சின் கழிவையும் போட்டால், போட்டியே இல்லாமல் வேகமாகப் பெருகுவது விப்ரியோ போன்றவைதான். அதனால்தான் எல்லாச் சுத்தமும் செய்த தொட்டி விழுந்து, பக்கத்தில் வெறும் மணல்வடிகட்டி நீரில் இருந்த தொட்டி பிழைப்பதும் நடக்கிறது. சுத்திகரித்த நீரை உயிரியல் வடிகட்டியில் சுற்றவிட்டு, நல்ல பாக்டீரியாவைக் குடியேற்றிய பின் குஞ்சை விடுவது இதற்கு ஒரு வழி. அமெரிக்காவின் ரோட் தீவுப் பல்கலைக்கழகத்தார் எடுத்த வழி வேறு. ஃபேயோபாக்டர் இன்ஹிபென்ஸ், பாசில்லஸ் புமிலஸ் என்ற இரண்டு கடல் பாக்டீரியாக்களைத் தொட்டியில் முன்கூட்டியே சேர்த்தபோது, விப்ரியோவால் சாகும் ஆளிக் குஞ்சுகள் குறைந்தன. ஃபேயோபாக்டர் சுவர்களில் படலமாக ஒட்டி இடத்தைப் பிடிக்கிறது. கூடவே விப்ரியோவுக்கு ஒவ்வாத ஓர் அமிலத்தையும் சுரக்கிறது. விப்ரியோ பெருகிய பின் சேர்த்துப் பயனில்லை, முந்திக்கொள்ள வேண்டும்.

ஆன்டிபயாடிக்கைப் பற்றிச் சுருக்கமாக: குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகளுக்கு இந்திய நீர்வாழ் உயிரின வளர்ப்பில் தடை உண்டு. தடை இல்லாத மருந்தும் இதே வெற்று நிலத்தைத்தான் உண்டாக்குகிறது. நாளடைவில் மருந்துக்கு அசையாத விப்ரியோ மிஞ்சும்.

ஆரெகன் கற்றுத் தந்தது

எல்லாப் பழியையும் கிருமி மேல் போட்டால் என்ன தவறும் என்பதற்கு அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், நெடார்ட்ஸ் விரிகுடாக் கரையில் உள்ள விஸ்கி கிரீக் ஹேச்சரி நல்ல உதாரணம். மேற்குக் கடற்கரைச் சிப்பிப் பண்ணைகள் பலவற்றுக்கு விதை தரும் இடம் அது. 2006, 2007-இல் அந்தக் கடற்கரை ஹேச்சரிகளில் விப்ரியோ நோய் தலைதூக்கியது. விஸ்கி கிரீக்கில் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் கருவிகள் போட்டார்கள். விப்ரியோ குறைந்த பிறகும் குஞ்சுகள் செத்தன. ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து நீரின் வேதியியலை அளந்தபோதுதான் காரணம் புரிந்தது. கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது ஆழ்கடலின் குளிர்ந்த நீர் கரையோரம் மேலெழுகிறது. அதில் கரியமில வாயு மிகுதி. அதனால் அமிலத்தன்மை கூடிய அந்த நீரில் குஞ்சு ஓடு கட்ட அதிக சக்தி செலவழிக்க வேண்டியிருந்தது. கையிருப்புக் கொழுப்பு தீர்ந்து செத்தது.

தீர்வு எளிமையாக அமைந்தது. விரிகுடாவின் கடற்புற்கள் பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் நீர் நன்றாக இருக்கும். தொட்டிகளைக் காலையில் அல்ல, பிற்பகலில் நிரப்பினார்கள். அதோடு சோடியம் கார்பனேட் சேர்த்து நீரைச் சரிசெய்தார்கள். உற்பத்தி மீண்டது. ஆகவே சாவு வந்தால் தட்டில் விப்ரியோ இருப்பதை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் பிஎச், உப்புத்தன்மை, வெப்பம், ஆக்ஸிஜன் நான்கையும் அதே மணி நேரத்தில் குறித்து வையுங்கள். செத்த குஞ்சில் விப்ரியோ எப்போதும் இருக்கும். அதுதான் கொன்றதா, பிணத்தைத் தின்ன வந்ததா என்பதை இந்தக் குறிப்புகள்தான் பிரித்துச் சொல்லும்.

ஒட்டிய பின்னும்

ஸ்பாட் ஆகிவிட்டால் ஆபத்து நீங்கியது என்று சொல்ல முடியாது, எதிரி மாறுகிறது. 2008 கோடையில் பிரான்சில் ஓர் ஆண்டுக்குள்ளான பசிபிக் ஆளிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் ஆளிகளைத் தாக்கும் ஹெர்பீஸ் வைரஸின் புதிய வடிவம். நீர் 16 டிகிரியைத் தாண்டியதும் அது கிளம்பும். 2010-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும், 2016-இல் டாஸ்மேனியாவிலும் வந்தது. மனிதருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, இந்த வைரஸ் முதலில் ஆளியின் இரத்தச் செல்களைத் தாக்கி எதிர்ப்பைச் சாய்க்கிறது, பின்னர் உடலிலேயே இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகி உயிரை எடுக்கின்றன என்று காட்டியது. தொட்டிக் குஞ்சின் கதைதான் இங்கும்: பாக்டீரியா காத்திருக்கிறது, தடுப்பு விழுந்ததும் பெருகுகிறது.

நுண்பாசிகள் இன்னொரு பெருங்கூட்டம். 1985-இல் நியூயார்க்கின் லாங் தீவு விரிகுடாக்கள் ஆரியோகாக்கஸ் என்ற 2 மைக்ரான் பாசியால் பழுப்பாயின. அது சிப்பியினங்களின் நுண்மயிர் அடிப்பதை மந்தமாக்குகிறது. நீர் முழுக்கப் பாசி இருந்தும் அவை தீனி எடுக்க முடியாமல் போகிறது. அங்கிருந்த விரிகுடா ஸ்காலப் என்ற சிப்பியினம் இரண்டாண்டுகூட வாழாது, பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் முட்டையிடும். அதனால் ஒரு பருவத்துக் குஞ்சுகள் பட்டினியில் செத்ததும் அடுத்த ஆண்டு முட்டையிடத் தாய் இல்லாமல் போனது. மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது. ஜப்பானில் 1992-இல் முத்துக்குப் பேர்போன ஆகோ விரிகுடாவில் ஹெட்டரோகாப்சா என்ற பாசி முத்துச்சிப்பிகளைக் கொன்றது. அது மீனைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் சிப்பியினங்களைத் தாக்கும் வகை; குஞ்சுகளையும் கொல்லும்.

இப்படிப் பாசி பெருகும்போது வடிகட்டியை மட்டும் நம்ப முடியாது. ஹெட்டரோகாப்சா 20 மைக்ரானுக்கு மேல் இருப்பதால் வடிகட்டியில் நிற்கும். ஆனால் ஆரியோகாக்கஸ் அளவுள்ளவை கரடுமுரடான வடிகட்டியில் நழுவிவிடும். நிற்பவையும் அழுத்தத்தில் நசுங்கினால் உள்ளிருப்பது நீரோடு போகும். நீர் நிறம் மாறியதும் பம்பை நிறுத்துவதுதான் பாதுகாப்பு. அதற்குக் கையிருப்பு நீர் வேண்டும்: 1000 லிட்டர் தொட்டி பத்து இருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் முழு நீரையும் மாற்றினால் நாளொன்றுக்குச் சராசரி 5000 லிட்டர் தேவை. ஐந்து நாள் தாங்க 25,000 லிட்டர், வெளிச்சம் படாத மூடிய தொட்டியில், காற்றூட்டியபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் அதில் கொஞ்சத்தைப் பயன்படுத்திவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். நிரப்புவதற்கு முன் நீர் எடுக்கும் இடத்திலிருந்து ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள்.